ஃபிளாப் அறுவை சிகிச்சைக்குப் பிறகு வீட்டில் வேக் மெஷின்: பார்த்துக்கொண்ட அக்காவின் மதிப்புரை

தம்பியின் காலில் ஃபிளாப் அறுவை சிகிச்சை (ரத்தக் குழாயோடு சதையைத் திருப்பிக் காயத்தை மூடுவது) முடிந்த பிறகு, வாடகைக்கு எடுத்து வீட்டில் ஓட்டிய சின்ன வேக் (VAC) மெஷினைப் பற்றி எழுதுகிறேன். புண்ணுக்குள் ஸ்பாஞ்சு வைத்து, மேலே காற்றுப் புகாத பிலிம் ஒட்டி, ஒரு டியூப் வழியாக இரவு பகலாக உறிஞ்சிக்கொண்டே இருக்கும் கருவி அது. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கருவி நல்லது, சொன்ன வேலையைச் செய்தது. ஆனால் கட்டுப் போடப் பழகிய ஒரு ஆளும், ஃபிளாப் எப்படி இருக்க வேண்டும் என்று தெரிந்த ஒருவரும் எட்டும் தூரத்தில் இல்லாவிட்டால் இதை வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள். பெட்டியை விற்பவர்களும் வாடகைக்கு விடுபவர்களும் இந்த இரண்டாவது பாதியைச் சொல்வதில்லை.

நான் மருத்துவம் படித்தவள் இல்லை. தையல் வேலை செய்பவள். கத்தரிக்கோல் பிடிக்கவும், எந்த ஒட்டு சுருங்கும், எது இழுக்கும் என்று பார்க்கவும் தெரியும். இந்த வேலையில் அது எனக்கு எதிர்பார்த்ததைவிட அதிகமாகவே கைகொடுத்தது.

தம்பிக்கு விபத்தில் முழங்காலுக்குச் சற்றுக் கீழே கணைக்கால் எலும்பு உடைந்து தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டது. எலும்பை நிறுத்தி, அழுக்கையும் செத்த சதையையும் எடுத்த பிறகு மேலே மூடுவதற்கு ஒன்றும் மிஞ்சவில்லை. காலின் முன்பக்கத்தில் எலும்புக்கு மேல் தோல்தான், சதை கிடையாது. அதனால் பிளாஸ்டிக் சர்ஜன் ஆடுசதையின் உட்பக்கப் பாதியை, அதற்கு ரத்தம் கொண்டுவரும் குழாயோடு சேர்த்து, முன்னால் திருப்பி எலும்பை மூடினார். தொடையிலிருந்து மெல்லிய தோலைச் சீவி எடுத்து அந்தச் சதையின் மேல் ஒட்டினார். இதைத்தான் ஃபிளாப் என்கிறார்கள். வெறும் தோல் ஒட்டுக்கும் இதற்கும் வித்தியாசம் ஒன்றுதான்: ஃபிளாப் தன் ரத்த ஓட்டத்தைத் தன்னோடு கொண்டுவருகிறது. அந்த ஓட்டம் நின்றால் எல்லாம் போயிற்று. இனி நான் சொல்லப்போவதெல்லாம் இதை மனதில் வைத்துத்தான்.

வேக் எங்களுக்கு மூன்று கட்டத்தில் வந்தது. முதலில், ஃபிளாப் செய்யும் நாள்வரை திறந்த காயத்தை மூடி வைக்க, ஆஸ்பத்திரியின் பெரிய மெஷின். இந்தக் கட்டத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மெஷின் ஓடுகிறது, காயம் மூடியிருக்கிறது, அப்படியென்றால் ஃபிளாப்புக்கு அவசரமில்லை என்று வீட்டில் சிலர் நினைத்தார்கள். டாக்டர் அதை ஒப்புக்கொள்ளவில்லை. 1986லேயே மார்கோ கோடினா என்ற சர்ஜன், இந்த மாதிரிக் காயங்களை 72 மணி நேரத்துக்குள் ஃபிளாப் வைத்து மூடினால் ஃபிளாப் தோற்பதும் கிருமி பிடிப்பதும் மிகக் குறைவு என்று காட்டிவிட்டார் என்றார். மெஷின் இருக்கிறது என்பதற்காக ஃபிளாப்பைத் தள்ளிப்போடக் கூடாது என்பது அவர் கட்சி. எலும்பு தெரியும் காயத்தை மூட வேக் போதாது. அதுவரை காயத்தைச் சுத்தமாக வைத்திருக்க மட்டுமே அது உதவும்.

இரண்டாவது கட்டம், ஒட்டிய தோலை அசையாமல் அமர்த்தி வைக்க. சீவி ஒட்டிய தோல் கீழே உள்ள சதையோடு ரத்தத் தொடர்பு பிடிக்கும்வரை நகரக் கூடாது, அடியில் நீர் சேரக் கூடாது. மேடு பள்ளமான சதையின் மேல் பஞ்சு வைத்துக் கட்டினால் எங்காவது ஒரு மூலை தூக்கிக்கொள்ளும். வேக் ஸ்பாஞ்சு எல்லா இடத்திலும் ஒரே மாதிரி அமர்ந்துகொள்ளும், ஊறும் நீரையும் எடுத்துவிடும். பொதுவாக 4, 5 நாள் வைத்துப் பிறகு எடுக்கிறார்கள். தோலுக்கும் ஸ்பாஞ்சுக்கும் நடுவே ஒட்டாத வலை ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும். இல்லையென்றால் எடுக்கும்போது ஒட்டிய தோலும் சேர்ந்து வந்துவிடும். எங்களுக்கு இந்தக் கட்டத்தில் குறை சொல்ல ஒன்றுமே இல்லை. திறந்து பார்த்தபோது தோல் அழகாகப் பிடித்திருந்தது. வேக்கின் சிறந்த வேலை எது என்று என்னைக் கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

மூன்றாவது கட்டம்தான் வீட்டில். ஃபிளாப்பின் கீழ் நுனியில் தையல் கொஞ்சம் விட்டுக்கொடுத்து ஒரு குழி விழுந்தது, நீர் கசிந்தது. இன்னொரு அறுவை சிகிச்சை வேண்டாம், சின்ன மெஷினோடு வீட்டுக்கு அனுப்பலாம், கட்டு மாற்ற நர்ஸ் வருவார் என்று முடிவானது.

மெஷின் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டால்தான் அதன் குறைகளும் புரியும். அமெரிக்காவில் வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழகத்தில் லூயிஸ் ஆர்ஜென்டா, மைக்கேல் மாரிக்வாஸ் என்ற இருவர் உருவாக்கிய முறை இது. 1997இல் அவர்களுடைய கட்டுரைகள் வெளிவந்தன. பன்றிகளின் காயத்தில் 125 மில்லிமீட்டர் பாதரச அழுத்தத்தில் (உறிஞ்சும் வேகத்தின் அளவு அது) உறிஞ்சியபோது ரத்த ஓட்டம் நான்கு மடங்கு வரை கூடியது என்று கண்டார்கள். இன்றுவரை மெஷினை ஆன் செய்தால் பெரும்பாலும் அந்த மைனஸ் 125தான் முதலில் திரையில் வரும். உறிஞ்சும்போது ஸ்பாஞ்சு சுருங்கிக் காயத்தின் ஓரங்களை உள்ளே இழுக்கிறது, வீக்க நீரை வெளியேற்றுகிறது, காயத்தின் தரையைச் சின்னச் சின்னதாக இழுத்துப் புதுச் சதை வளரத் தூண்டுகிறது.

ஆனால் ஃபிளாப் வைத்தவர்கள் இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். ஸ்பாஞ்சுக்குள் காற்று குறைந்தாலும், அதற்கு நேர் கீழே உள்ள சதையை அது அழுத்துகிறது. பின்னால் வந்த ஆய்வுகள், அந்த இடத்தில் ரத்த ஓட்டம் குறையவும் செய்யலாம் என்று காட்டின. நல்ல ரத்த ஓட்டம் உள்ள சதைக்கு அது பெரிய விஷயமில்லை. ஒரே ஒரு குழாயை நம்பி இருக்கும் ஃபிளாப்புக்கு அது பெரிய விஷயம். அதனால்தான் எங்கள் டாக்டர் 125ஐக் குறைத்து 75இல் வைக்கச் சொன்னார். ஸ்பாஞ்சைக் காலைச் சுற்றி வளையமாக வைக்கக் கூடாது, முழங்கால் மடிப்பின் பின்பக்கம் டியூபோ இறுக்கமான கட்டோ போகக் கூடாது என்று படம் வரைந்து காட்டினார். ஆடுசதை ஃபிளாப்புக்கு ரத்தம் வருவது முழங்காலின் பின்புறத்திலிருந்து. அங்கே அழுத்தினால் மெஷின் நன்றாக ஓடிக்கொண்டே இருக்கும், ஃபிளாப் செத்துக்கொண்டிருக்கும்.

மெஷினைக் கொண்டுவந்து வைத்த பையன் 125இல் ஓடவிட்டுத்தான் கிளம்பப் பார்த்தான். "டாக்டர் 75 என்று எழுதியிருக்கிறாரே தம்பி" என்று சீட்டைக் காட்டினேன். "எல்லாருக்கும் 125தான்க்கா" என்றான். எல்லாருக்கும் ஃபிளாப் கிடையாதே. சீட்டில் இருப்பதைப் போட்டுவிட்டுப் போ என்று நின்றேன், மாற்றினான். அந்தப் பையனைக் குற்றம் சொல்ல மாட்டேன். ஆன் செய்யவும் டப்பா மாட்டவும் மட்டுமே அவனுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். வாடகை நிறுவனத்தின் மீதுதான் எனக்குக் கோபம். எந்த மாதிரிப் புண்ணுக்குப் போகிறது என்று ஒரு கேள்விகூடக் கேட்காமல் ஒரே அளவில் வைத்து அனுப்புகிறார்கள். உங்கள் டாக்டர் எழுதிய அழுத்தம், தொடர்ச்சியா விட்டுவிட்டா என்பது, எந்த ஸ்பாஞ்சு, எத்தனை துண்டு என்ற நான்கும் சீட்டில் இருக்கட்டும். மெஷின் வந்த அன்றே திரையோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

இனி என்னை அதிகம் கவலைப்பட வைத்த விஷயம். ஃபிளாப்பைக் கண்ணால் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். வேக் கட்டு அதையே மூடிவிடுகிறது. கருத்த ஸ்பாஞ்சுக்கு அடியில் என்ன நடக்கிறது என்று தெரியாது. ஆஸ்பத்திரியில் முதல் நாட்களில் சதையின் ஒரு பகுதியை ஸ்பாஞ்சு இல்லாமல் ஜன்னல் போல விட்டிருந்தார்கள். மணிக்கணக்கு வைத்து வந்து பார்ப்பார்கள், தொட்டுச் சூடு பார்ப்பார்கள், டாப்ளர் கருவி வைத்து ரத்தம் ஓடும் ஓசை கேட்பார்கள். முதல் 72 மணி நேரம்தான் ரத்தக் குழாய் அடைத்துக்கொள்ளும் ஆபத்து மிக அதிகம் என்பதால் அந்தக் கெடுபிடி. வீட்டுக்கு வரும்போது அந்தக் கட்டம் தாண்டிவிடுகிறது. ஆனாலும் ஓரங்கள் கெட்டுப்போகலாம், கிருமி பிடிக்கலாம்.

அதனால் வீட்டிலும் ஜன்னல் கேட்டேன். ஸ்பாஞ்சு அந்தக் குழிக்கு மட்டும்; ஃபிளாப்பின் மீதிப் பகுதி வெளியே தெரிய வேண்டும் என்றேன். நர்ஸ் சிஸ்டர் உடனே ஒத்துக்கொண்டார், அதுதான் சரி என்றும் சொன்னார். சின்ன டார்ச் ஒன்றைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு காலையும் மாலையும் பார்ப்பேன். பகல் வெளிச்சத்தில் ஒரே ஜன்னலோரத்தில் காலை வைத்துப் படம் எடுத்து வைப்பேன், நேற்றைய படத்தோடு ஒப்பிட. சிவந்த நிறம், தொட்டால் மற்றக் கால் அளவுக்குச் சூடு இருந்தால் நல்லது. வெளிறிச் சில்லென்று போனால் ரத்தம் உள்ளே வரவில்லை. ஊதா நிறம் கட்டி வீங்கினால், வந்த ரத்தம் வெளியே போக முடியவில்லை. தோலோடு எடுத்து வைத்த ஃபிளாப் என்றால் விரலால் அழுத்தி விடும்போது 2, 3 நொடியில் நிறம் திரும்ப வேண்டும். அதைவிட வேகமாகத் திரும்பி நீலம் பாய்ந்தாலும் கெட்டதுதான் என்பது பலருக்குத் தெரியாது. எங்களுடையது சதைக்கு மேல் ஒட்டிய தோல், அதில் இந்த அழுத்திப் பார்க்கும் சோதனை அவ்வளவு தெளிவாகத் தெரியாது. அதனால் நிறம், சூடு, வீக்கம், வாடை என்ற நான்கையும் நம்பினேன். உங்கள் ஃபிளாப்பில் எதைப் பார்க்க வேண்டும் என்று சர்ஜனிடமே கேட்டு எழுதி வாங்குங்கள். மெஷின் திரையில் பச்சை விளக்கு எரிவது உறிஞ்சல் சரியாக இருக்கிறது என்பதற்கு மட்டும்தான் அடையாளம். ஃபிளாப்பைப் பற்றி அந்த விளக்குக்கு ஒன்றும் தெரியாது.

சரி, மெஷினுக்கு வருகிறேன்.

எடை ஒரு கிலோ அளவு. தோளில் மாட்டும் பை நன்றாக இருக்கிறது, கட்டையூன்றி நடப்பவருக்குக் குறுக்கே மாட்டிக்கொள்ள வசதி. பாட்டரி ஒரு பகலைத் தாங்கியது. சார்ஜ் கம்பி மட்டும் ரொம்பக் குட்டை, கட்டிலுக்கு எட்டவில்லை. சத்தம் பகலில் தெரியாது. இரவில் அடிக்கடி ஒரு உறுமல். மெத்தையின் மேல் வைத்தால் அது கட்டில் முழுக்க அதிரும்; தரையில் மடித்த துணி மேல் வைத்த பிறகு தம்பி தூங்கினான். ஆனால் டியூபின் நீளத்தையும் பார்க்க வேண்டும். புரண்டு படுக்கும்போது இழுத்தால் வலிக்கிறது, பிலிமும் கிளம்புகிறது. டியூபைத் தொடையில் ஒரு பட்டையால் தளர்வாக நிறுத்தி வைத்தோம், இழுவை அங்கேயே நின்றுவிட்டது.

நீர் சேரும் டப்பா இதில் 300 மில்லி. ஆஸ்பத்திரியில் இருந்ததைவிடச் சின்னது, வீட்டுக்குப் போதும். நிறையாவிட்டாலும் வாரம் ஒருமுறை மாற்றச் சொன்னார்கள். உள்ளே இருக்கும் ஜெல் நீரைக் கெட்டியாக்கிவிடுவதால் கொட்டாது, வாடையும் குறைவு. இதில் குறை என்று சொன்னால், அளவுக் கோடு பையின் சின்னத் துளை வழியாகத்தான் தெரியும். ஜெல் கட்டிய பிறகு எவ்வளவு நீர், என்ன நிறம் என்று பார்க்கப் பையிலிருந்து எடுத்தாக வேண்டும். நிறம்தான் முக்கியம் என்பதால் இது எனக்குப் பெரிய குறை.

அலாரம். இதைப் பற்றித் தனியாக எழுதலாம். "அக்கா, மறுபடியும் கத்துது" என்று தம்பி கூப்பிடாத இரவு முதல் வாரத்தில் இல்லை. கசிவு, அடைப்பு, டப்பா நிறைந்தது, பாட்டரி என்று நான்கு அலாரமும் ஒரே ஓசையில் அடிக்கின்றன, திரையைப் பார்த்தால்தான் எது என்று தெரியும். கசிவு என்று சொல்லும், எங்கே என்று சொல்லாது. கண்டுபிடிக்க ஒரு வழி: அறையை அமைதியாக்கிவிட்டுக் காதை பிலிமுக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் மெல்லிய விசில் கேட்கும். விரலால் ஓரத்தை மெதுவாக அழுத்திக்கொண்டே வந்தால் விசில் நிற்கும் இடம்தான் ஓட்டை. அந்த இடத்தில் ஒரு துண்டு பிலிம் ஒட்டினால் போதும். முழுக் கட்டையும் பிரிக்கத் தேவையில்லை.

பெரும்பாலும் கசிவது முழங்கால் மடிப்புப் பக்கத்திலும், பிலிம் சுருங்கிய இடத்திலும்தான். இங்கேதான் என் தொழில் உதவியது. பிலிமை இழுத்து ஒட்டினால் பார்ப்பதற்கு வழவழப்பாக இருக்கும், ஆனால் அது திரும்பச் சுருங்கும். இழுத்துத் தைத்த எலாஸ்டிக் துணியைக் கூட்டிப் பிடிப்பதுபோலத் தோலையும் கூட்டிப் பிடித்துக் கொப்புளம் போட வைக்கும். இழுக்காமல் மெல்லப் படுக்க வைத்து, நடுவிலிருந்து ஓரத்துக்குத் தடவ வேண்டும். வளைவான இடத்தில் ஒரே பெரிய துண்டு போடுவதைவிட, பட்டைகளாக வெட்டி ஒன்றன் மேல் ஒன்று ஏறும்படி ஒட்டினால் சுருக்கமே விழாது. சுற்றிலும் உள்ள முடியை முன்பே வெட்டி, தோலைத் துடைத்து நன்றாகக் காயவிட்டு, தோலைக் காக்கும் திரவம் தடவிக் காய்ந்த பிறகு ஒட்ட வேண்டும். சிஸ்டரும் நானும் இந்தப் பட்டை முறைக்கு மாறிய பிறகு இரவு அலாரம் அநேகமாக நின்றுவிட்டது.

அலாரத்தை அணைத்துவிட்டுத் தூங்கிவிடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். 24 மணி நேரத்தில் 22 மணி நேரமாவது மெஷின் ஓட வேண்டும். உறிஞ்சல் நின்று 2 மணி நேரத்துக்கு மேல் போனால் அந்த ஸ்பாஞ்சை உள்ளே விடக் கூடாது. எடுத்துவிட்டுச் சலைனில் நனைத்த சாதாரணக் கட்டுப் போட வேண்டும். காற்றுப் புகாத பிலிமுக்குள் நீர் ஊறிய ஸ்பாஞ்சு சும்மா கிடந்தால் கிருமிக்கு அதைவிட வசதியான இடம் வேறில்லை. இதை வாடகை நிறுவனத்தின் குறிப்புப் புத்தகத்தில் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் போட்டிருக்கிறார்கள். முதல் பக்கத்தில் சிவப்பில் இருந்திருக்க வேண்டிய வரி. இரவு உதவி எண்ணும் அப்படித்தான். எடுத்துப் பேசினார்கள், மரியாதையாகவும் பேசினார்கள், ஆனால் மெஷினை அணைத்துவிட்டு மறுபடி ஆன் செய்யுங்கள் என்பதைத் தாண்டி ஒன்றும் சொல்லத் தெரியவில்லை.

கட்டு மாற்றுவது 48 முதல் 72 மணி நேரத்துக்கு ஒருமுறை. அதற்கு மேல் விட்டால் புதுச் சதை ஸ்பாஞ்சின் துளைகளுக்குள் வளர்ந்து பிடித்துக்கொள்ளும். கருத்த ஸ்பாஞ்சின் துளைகள் 400 முதல் 600 மைக்ரான், சதை நுழையத் தாராளமான இடம். பிறகு பிய்த்து எடுப்பது வலியும் ரத்தமும்தான். தம்பி பொறுமைசாலி, ஆனாலும் முதல் தடவை பல்லைக் கடித்துக்கொண்டான். அதற்குப் பிறகு டாக்டரிடம் கேட்டு, கட்டு மாற்ற அரை மணி நேரம் முன்பே வலி மாத்திரை கொடுத்தோம். மெஷினை நிறுத்தி, ஸ்பாஞ்சுக்குள் சலைன் விட்டு, நன்றாக ஊறும்வரை காத்திருந்து எடுத்தோம். பிலிமை மேலே தூக்கிப் பிய்க்காமல் தோலோடு இணையாகப் பக்கவாட்டில் நீட்டினால் பசை தானே விடும். பொறுமையாகச் செய்தால் பாதி வலி இல்லை. அவசரப்படும் நர்ஸ் வந்தால் தைரியமாகச் சொல்லுங்கள், கொஞ்சம் ஊறட்டும் என்று.

எங்கள் சிஸ்டரின் இரண்டு பழக்கங்களை எல்லோருக்கும் சொல்ல ஆசை. ஸ்பாஞ்சை ஒருபோதும் புண்ணுக்கு மேலே வைத்து வெட்ட மாட்டார். தள்ளிப்போய் வெட்டி, விரலால் ஓரங்களைத் தேய்த்துத் தூளை உதறிவிட்டுத்தான் கொண்டுவருவார். துணி வெட்டுபவள் என்பதால் அந்தத் தூள் எவ்வளவு பறக்கும் என்று எனக்குத் தெரியும். இன்னொன்று, உள்ளே எத்தனை துண்டு வைத்தார் என்பதையும் தேதியையும் பிலிமின் மேலேயே மார்க்கரால் எழுதுவார். அடுத்த முறை எடுக்கும்போது எண்ணிச் சரிபார்ப்பார். குழியான புண்ணில் ஒரு துண்டு உள்ளே தங்கிவிட்டால் மேலே சதை மூடி உள்ளே சீழ் பிடிக்கும்.

இது வெறும் பயம் இல்லை. அமெரிக்காவின் உணவு மருந்து நிர்வாகம் 2009இல் இந்தக் கருவிகளைப் பற்றி எச்சரிக்கை வெளியிட்டது. 2011இல் அதைப் புதுப்பித்தபோது, 2007 முதல் தங்களுக்கு வந்த தகவல்களில் 12 மரணங்களும் 174 காயங்களும் இருந்தன என்றது. மிகக் கடுமையானது ரத்தப்போக்கு. மரணங்களில் பெரும்பாலானவை வீட்டிலோ நீண்டகாலப் பராமரிப்பு இல்லங்களிலோ நடந்தவை. உள்ளே தங்கிய ஸ்பாஞ்சும் கிருமியும் அந்தப் பட்டியலில் உண்டு. ஆஸ்பத்திரியில் ஓடும்போதைவிட வீட்டில் ஆபத்து ஏன் கூடுகிறது என்பதற்கு இதைவிட விளக்கம் வேண்டாம்: பார்க்க ஆள் இல்லை.

அதனால்தான் டப்பாவின் நிறம் முக்கியம் என்றேன். மஞ்சளும் இளஞ்சிவப்புமாக நீர் வருவது வழக்கம். பளிச்சென்ற சிவப்பு ரத்தம் டியூபில் ஓடினால், அல்லது டப்பாவில் வேகமாக ஏறினால், உடனே மெஷினை நிறுத்தி, கட்டின் மேலேயே கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு ஆம்புலன்சைக் கூப்பிட வேண்டும். உறிஞ்சிக்கொண்டிருக்கும் மெஷின் ரத்தத்தை நிற்க விடாது. தம்பிக்கு ரத்தம் உறையாமலிருக்க ஊசி போட்டுக்கொண்டிருந்ததால் இதை வீட்டில் எல்லோருக்கும் செய்து காட்டினேன். அம்மாவுக்கும் எந்தப் பொத்தான் என்று தெரியும். எங்களுக்கு அப்படி நடக்கவில்லை. நடந்திருந்தால் என்ன செய்வது என்று தெரிந்திருந்ததால்தான் இரவில் தூங்க முடிந்தது.

யாருக்கு இது ஆகாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். செத்துக் கறுத்த சதை இன்னும் அகற்றப்படாத புண், சிகிச்சை தொடங்காத எலும்புத் தொற்று, புண்ணில் புற்றுநோய், மூடியில்லாமல் தெரியும் ரத்தக் குழாய் அல்லது நரம்பு, இவற்றின் மேல் வைக்கக் கூடாது. எம்.ஆர்.ஐ. எடுக்கப் போனால் மெஷின் உள்ளே வரக் கூடாது, கழற்றிவிட்டுப் போக வேண்டும்.

ஆடுசதை எடுத்த இடத்தின் நீளமான தையலுக்கு, டப்பாவே இல்லாத சின்ன வகை ஒன்றையும் வைத்தார்கள். பிகோ என்ற பெயரில் வருவது அந்த மாதிரி. உள்ளங்கை அளவுப் பெட்டி, மைனஸ் 80 அழுத்தம், நீரைக் கட்டே உறிஞ்சி ஆவியாக வெளியே விட்டுவிடும், 7 நாளோடு தூக்கிப் போட வேண்டியதுதான். மூடிய தையலுக்கு அது சுகம், தம்பி அதை உணரவே இல்லை. நீர் அதிகம் ஊறும் குழிக்கு அது தாங்காது. உங்களுக்கு எது என்று சர்ஜன்தான் சொல்ல வேண்டும். கடையில் சின்னது அழகாக இருக்கிறது என்று மாற்றிக் கேட்காதீர்கள்.

வேக் வைத்தால் சீக்கிரம் ஆறிவிடும் என்று பலர் வாக்குறுதி கொடுக்கிறார்கள். 2018இல் பிரிட்டனில் வோல்ஃப் என்ற பெரிய ஆய்வின் முடிவு வந்தது. கால் எலும்பு உடைந்து திறந்த காயம் ஏற்பட்ட 460 பேரில் பாதிப் பேருக்கு வேக், பாதிப் பேருக்குச் சாதாரணக் கட்டு. ஒரு வருடம் கழித்து நடமாட்டத்திலும் அன்றாட வாழ்க்கையிலும் இரு பக்கத்துக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை, ஆழமான கிருமித் தொற்றிலும் இல்லை. அது ஃபிளாப்புக்கு முந்திய கட்டத்தைப் பற்றியது. ஃபிளாப்பின் ஓரக் குழிக்கு அப்படியே பொருத்திப் பார்க்க முடியாது. ஆனாலும் இந்த மெஷின் இல்லாவிட்டால் கால் போய்விடும் என்று யாராவது உங்களைப் பயமுறுத்திக் கையெழுத்து வாங்கினால், இந்த ஆய்வைச் சொல்லிக் கேள்வி கேளுங்கள். தம்பியின் காலைக் காப்பாற்றியது சர்ஜன் திருப்பி வைத்த சதை. மெஷின் அந்தச் சதையின் ஓரத்தை உலர்வாக வைத்து, குழி நிரம்ப உதவியது. அந்த அளவுக்கு அதற்கு முழு மதிப்பெண் கொடுக்கிறேன். தினமும் பலமுறை ஈரக் கட்டு மாற்றியிருந்தால் தம்பி பட்டிருக்கக்கூடிய வலியையும், எங்கள் வீடு பட்டிருக்கக்கூடிய பாட்டையும் நினைத்தால் வாடகை கொடுத்தது வீண் இல்லை.

இப்போது குழி மேலே வந்து, சிவப்பாக, தோல் ஓரத்திலிருந்து பிடித்துக்கொண்டு வருகிறது. மெஷினைத் திருப்பிக் கொடுத்தாயிற்று. இன்னொரு வீட்டில் யாராவது இதே மெஷினை எதிர்பார்த்துக் காத்திருந்தால் ஒரு பெட்டியைத் தயாராக வையுங்கள்: கூடுதலாக ஒரு டப்பா, ஒரு அட்டை பிலிம், பிரிக்காத ஸ்பாஞ்சு ஒன்று, சலைன், மெஷின் நின்றுபோனால் வைக்கச் சுத்தமான காஸ் துணி, மார்க்கர், டார்ச். கட்டு மாற்ற வரும் நர்ஸின் எண்ணையும் சர்ஜனின் எண்ணையும் பெரிய எழுத்தில் எழுதி மூடியில் ஒட்டிவிடுங்கள். வாடகை நிறுவனத்தின் எண் அவற்றுக்குக் கீழே இருந்தால் போதும்.